ரெஃபரியா, மேனேஜரா, ஆட்டக்காரரா: லீஃப்ஸ் ரசிகர்களோடு வாதாடிக் கற்றது

டொரண்டோவில் ஏப்ரல் பிறந்தால் எங்கள் கிடங்கின் சாப்பாட்டு அறையில் இந்த ஊர் ஐஸ் ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் பேச்சுதான். சீசன் முழுக்க 82 ஆட்டம் நன்றாகவே ஆடியிருப்பார்கள். அப்புறம் ஸ்டான்லி கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுகள் வரும். முதலில் நாலு ஆட்டம் ஜெயிப்பவருக்குச் சுற்று என்கிற கணக்கில், கடைசி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போய்த் தோற்பார்கள். மறுநாள் காலை ஃபோர்க்லிஃப்ட் சாவியை எடுப்பதற்கு முன்பே ஒருவர் ரெஃபரி கெடுத்தான் என்பார், இன்னொருவர் ஆட்டக்காரர்களை எடுக்கிற, மாற்றுகிற ஜெனரல் மேனேஜரைத் தூக்கணும் என்பார், மூன்றாமவர் கோச்சைத் திட்டுவார். கடைசியாக இந்த ஊருக்கு ஸ்டான்லி கோப்பை வந்தது 1967-ல். அன்றைக்குப் பிறந்தவர்கள் இன்றைக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆகவே கோபத்துக்குக் குறைவே இல்லை.

நான் தமிழ்நாட்டிலிருந்து கிரிக்கெட் மட்டுமே தெரிந்து வந்தவன். ஐஸ் ஹாக்கியைக் கற்றுக்கொண்டது இந்தச் சாப்பாட்டு அறை வாதங்களில்தான். என் எதிரில் உட்காருபவர் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர். எனக்கு முன்பே வந்தவர், லீஃப்ஸ் என்றால் உயிர். எனக்கு ஐசிங் என்றால் என்ன, ஆஃப்சைடு என்றால் என்ன என்று உப்பு டப்பாவையும் மிளகு டப்பாவையும் நகர்த்திக் காட்டியவர் அவர்தான். எதிலும் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஆனால் வாதாடி வாதாடி, எப்படிப் பேசினால் ஏதாவது விளங்கும், எப்படிப் பேசினால் தொண்டை வறள்வதோடு சரி என்பது எங்களுக்குப் பிடிபட்டிருக்கிறது. புதிதாக இந்த ஆட்டத்துக்குள் வருகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் பணம். லீஃப்ஸ் ஆடுகிற வட அமெரிக்க ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல். அணிகளுக்குச் சம்பள உச்சவரம்பு உண்டு. எவ்வளவு பணக்கார அணியானாலும் அதைத் தாண்ட முடியாது. 2019-20 சீசனில் அது 8.15 கோடி டாலர். அதில் ஆஸ்டன் மேத்யூஸ், ஜான் டவாரஸ், மிட்ச் மார்னர், வில்லியம் நைலாண்டர் என்ற நாலு பேருக்கு மட்டும் ஏறக்குறைய 4 கோடி, அதாவது கிட்டத்தட்டப் பாதி. மீதிப் பாதியில் கோல்கீப்பர், தற்காப்பு ஆட்டக்காரர்கள், மற்ற எல்லாரும். ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் அறையில் நடக்கிற சண்டைக்கு அடிவேர் இதுதான்: நாலு பேருக்குப் பாதியைக் கொடுத்தது சரியா?

"தம்பி, காசு குடுத்தவனுக்கு மூளை இருக்கோ?" என்று அண்ணன் ஆரம்பிப்பார். அப்போது ஜெனரல் மேனேஜர் கைல் டூபஸ். நான் கேட்பது ஒன்றுதான்: அன்றைக்கு அவர் வேறு என்ன செய்திருக்கலாம்? இந்தக் கேள்வியைப் போட்டவுடன் பேச்சு உருப்பட ஆரம்பிக்கும்.

மார்னரை எடுத்துக்கொள்வோம். 2019 செப்டம்பர் நடுவில் ஆறு வருட ஒப்பந்தம், வருடத்துக்குச் சுமார் 1.09 கோடி. அதே மாதக் கடைசியில் டேம்பா பே அணி பிரேடன் பாயின்ட்டை வருடத்துக்கு 67.5 லட்சத்துக்கு மூன்று வருடம் பிடித்தது. கொலராடோ மிக்கோ ரான்டனனை 92.5 லட்சத்துக்கு ஆறு வருடம் பிடித்தது. "ரெண்டு கிழமை பொறுத்திருந்தா விலை குறைஞ்சிருக்கும்" என்பது அண்ணன் கட்சி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வருடம் டூபஸ் பொறுத்துப் பார்த்தார். நைலாண்டர் கையெழுத்துப் போடாமலே இருந்து, 2018 டிசம்பர் 1, அதாவது கெடு முடிகிற நாளில்தான் போட்டார். பயிற்சி முகாமும் போய், இரண்டு மாத ஆட்டமும் போய் வந்தவர் அந்த சீசனில் 54 ஆட்டத்தில் 7 கோல்தான் அடித்தார். பொறுத்திருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பது டூபஸுக்குப் புதிதாகப் பட்ட சூடு. ஆக, அவர் அவசரப்பட்டதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காரணத்துக்கு அவ்வளவு தொகை கொடுக்கலாமா என்பது வேறு கேள்வி. கொடுத்திருக்கக் கூடாது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் 'மூளை இல்லாதவன்' என்பதற்கும் இதற்கும் ரொம்ப தூரம்.

டவாரஸ் கதை வேறு மாதிரி. 2018 ஜூலை 1-ல் ஏழு வருடத்துக்கு, வருடம் 1.1 கோடி. உச்சவரம்பு வருடாவருடம் ஏறிக்கொண்டிருந்த காலம் அது. இன்னும் ஏறும், இந்தத் தொகை போகப்போகச் சிறிதாகத் தெரியும் என்பது கணக்கு. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. அரங்குகள் மூடின. உச்சவரம்பு 8.15 கோடியிலேயே நின்றுவிட்டது. 2021-22 முடிகிற வரைக்கும் ஒரு டாலர்கூட ஏறவில்லை. இதை யாரால் முன்கூட்டிப் பார்த்திருக்க முடியும்? முடிவு எடுத்த நாளில் கையில் என்ன தகவல் இருந்ததோ அதை வைத்துத்தான் முடிவை எடைபோட வேண்டும். பின்னால் நடந்ததை வைத்துப் பேசினால் எல்லாருமே மேதைதான்.

நசீம் காட்ரி விஷயத்தில் எங்களுக்குள் பெரிய தகராறே வந்தது. 2019 ஜூலை 1-ல் லீஃப்ஸ் அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்து டைசன் பாரியையும் அலெக்ஸாண்டர் கெர்ஃபுட்டையும் வாங்கியது. பாரி ஒரு சீசனில் போய்விட்டார். காட்ரி 2022-ல் கொலராடோவோடு கோப்பையைத் தூக்கினார். "நான் அப்பவே சொன்னனான்" என்றார் அண்ணன். அப்போது அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு வேறு மாதிரி ஞாபகம். 2018, 2019 இரண்டு வருடமும் பாஸ்டனுக்கு எதிரான பிளேஆஃபில் காட்ரி தடை வாங்கி உட்கார்ந்தபோது, அவரை அனுப்பச் சொன்ன குரல்களில் அண்ணன் குரலும் ஒன்று என்று நான் சொன்னேன். இல்லவே இல்லை என்றார் அவர். யார் சொன்னது உண்மை என்று நிரூபிக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகுதான் நோட்டுப்புத்தகம் வந்தது. கடையில் வாங்கிய சாதாரணக் கோடுபோட்ட நோட்டு. என் லாக்கரில் இருக்கிறது. ஒரு பெரிய ஒப்பந்தமோ ஆட்டக்காரர் மாற்றமோ நடந்தால் அன்றைக்கே இருவரும் ஆளுக்குப் பாதிப் பக்கம் எழுத வேண்டும். என்ன வந்தது, என்ன போனது, அந்தப் பணத்துக்கு வேறு என்ன செய்திருக்கலாம், எப்போது திரும்பப் பார்ப்பது. இதில் கடைசி வரிதான் முக்கியம். நாள் குறிக்காவிட்டால், தனக்குச் சாதகமான நாளில் திறந்து பார்த்துக்கொள்வார்கள். ஒரு சீசனில் தீர்ப்பாகிற விஷயமும் உண்டு, மூன்று சீசன் பொறுக்க வேண்டிய விஷயமும் உண்டு. இதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், எந்த அணிக்கும் செய்யலாம். எழுதி வைத்த பிறகு எங்கள் வாதத்தில் 'நான் அப்பவே சொன்னேன்' என்பது அறவே நின்றுவிட்டது.

அடுத்தது ரெஃபரி. இதில்தான் சூடு அதிகம்.

இந்த ஊர்க்காரர்கள் மறக்காத ஒரு ராத்திரி 1993 மே 27. லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸோடு அரையிறுதி, லீஃப்ஸ் மூன்று ஆட்டம் ஜெயித்து 3-2 என முன்னிலை. ஆறாவது ஆட்டம் ஓவர்டைமுக்குப் போனது. வெய்ன் கிரெட்ஸ்கியின் மட்டை டக் கில்மோரின் தாடையில் பட்டு ரத்தம் வந்தது. ரெஃபரி கெர்ரி ஃப்ரேசர் அதைப் பார்க்கவில்லை. துணை நடுவர்களான லைன்ஸ்மேன்களைக் கூப்பிட்டுக் கேட்டார். அவர்களும் பார்க்கவில்லை. தண்டனை, அதாவது ஆட்டக்காரரைச் சில நிமிடம் வெளியே உட்கார வைக்கிற பெனால்டி, இல்லை. கொஞ்ச நேரத்தில் வெற்றி கோலை அடித்தது அதே கிரெட்ஸ்கி. தான் தவறவிட்டதைப் பிற்பாடு ஃப்ரேசரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குக் கனடாவிலேயே இல்லாத நானே இதை நேரில் பார்த்தவன் மாதிரி சொல்கிறேன் என்றால், எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் யாரும் அதிகம் சொல்லாத பாதி ஒன்று உண்டு. ஏழாவது ஆட்டம் இரண்டு நாள் கழித்து டொரண்டோவில், சொந்த அரங்கில் நடந்தது. கிரெட்ஸ்கி மூன்று கோல் போட்டார், கிங்ஸ் 5-4 என்று ஜெயித்தது. ரெஃபரி தப்பு செய்தாரா என்றால், செய்தார். அதனால்தான் தோற்றோமா என்றால், இல்லை, இன்னொரு வாய்ப்பு கையில் இருந்தது. இந்த இரண்டு கேள்வியையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பாதி வாதம் முடிவே இல்லாமல் போகிறது. நாங்கள் இப்போது முதல் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிவிட்டு, அது முடிந்த பிறகுதான் இரண்டாவதைத் தொடுவோம்.

2022 மே 14-க்கும் இதைப் பொருத்திப் பார்த்தோம். டேம்பாவோடு ஏழாவது ஆட்டம். இரண்டாவது பீரியடில் டவாரஸ் கோல் அடித்தார், அரங்கம் எழுந்து நின்றது. ஆனால் கோல் இல்லை. ஜஸ்டின் ஹோல் எதிரணி ஆட்டக்காரரின் வழியை மறித்தார் என்று ரெஃபரி ஏற்கெனவே கை தூக்கியாயிற்று. 2-1 என்று தோற்றோம். அண்ணன் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டார். விதிப்புத்தகத்தைத் திறந்தால், 56-வது விதி குறுக்கீடு பற்றியது. பக், அதாவது மட்டையால் அடிக்கிற அந்த ரப்பர் வட்டு, இல்லாத ஆளை மறிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஹோல் மறித்தார். விதிப்படி சரி. பிளேஆஃபில் இந்த மாதிரி மறிப்பை நிறைய தடவை கண்டுகொள்ளாமல் விடுகிறார்களே என்பது அண்ணன் வாதம். அதுவும் உண்மை. அவருடைய மனக்குறை அந்த ஒரு முடிவின் மேல் இல்லை, அளவுகோல் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுவதன் மேல்தான். அதைச் சரியாகப் பெயர் சொல்லிப் பேசினால் நானும் அவரோடு சேர்ந்துகொள்வேன்.

இரண்டாவது கேள்விக்கு வந்தால் கணக்கு வேறு. 2019-ல் பாஸ்டனிடம் ஏழாவது ஆட்டத்தில் லீஃப்ஸ் அடித்தது 1 கோல். 2020-ல் கொலம்பஸிடம், ஐந்தே ஆட்டம் கொண்ட சுற்றின் கடைசி ஆட்டத்தில் 0. 2021-ல் மான்ட்ரியலிடம் 1. 2022-ல் டேம்பாவிடம் 1. 2024-ல் பாஸ்டனிடம் ஓவர்டைம் வரை போய் 1. 2025-ல் ஃபுளோரிடாவிடம் 6-1. ஜெயித்தால் அடுத்த சுற்று, தோற்றால் வீடு என்கிற ஆறு ஆட்டத்தில் மொத்தம் 5 கோல், அதுவும் சம்பளத்தில் பாதியைக் கோல் அடிப்பவர்களுக்குக் கொடுத்த அணி. இதை ஒரு காகிதத்தில் வரிசையாக எழுதி மேஜையில் வைத்தேன். அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். "ஆக்கள் நல்லாத்தான் விளையாடுறாங்கள். பிளேஆஃப் எண்டா ஆளைக் காணேல்லை" என்றார். நான் எத்தனையோ நாள் சொல்ல நினைத்ததை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ரெஃபரிகளைப் பற்றி நான் பேசுகிற விதம் மாறியது என் மகளால். பள்ளிக்கூடக் காலத்திலேயே ரெஃபரி பயிற்சி எடுத்து, சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குப் போக ஆரம்பித்தாள். ஒன்டாரியோவில் 18 வயதுக்குக் கீழே உள்ள ரெஃபரிகள் கையில் பச்சைப் பட்டை கட்டுகிறார்கள், இவளும் சிறு பிள்ளைதான் என்று பெற்றோருக்கு ஞாபகம் வரட்டும் என்பதற்காக. வந்தால்தானே! ஒரு சனிக்கிழமை காலை, பத்து வயதுப் பையன்கள் ஆட்டம். ஆஃப்சைடுக்காக ஒரு கோலை இவள் ரத்து செய்ய, ஒரு தகப்பன் கண்ணாடியில் அறைந்து கத்தினார். நான் பார்வையாளர் பெஞ்சில் காப்பி கப்போடு நின்றிருந்தேன். எனக்குக் கை நடுங்கியது. அவள் அசையவில்லை, ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் ஃபேஸ்ஆஃப் இடத்துக்குப் பக்கைக் கொண்டுபோய்ப் போட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் காரில் விசிலைக் காட்டினாள். ஹாக்கி ரெஃபரியின் விசில் கழுத்துக் கயிற்றில் தொங்காது. விரல்களில் மாட்டுகிற உலோக வளையத்தோடு இருக்கும். ஆட்டத்தை நிறுத்த நினைத்தால் கையை உயர்த்தி வாய்க்குக் கொண்டுபோக வேண்டும். "அப்பா, நான் நிறுத்தணும்னு முடிவு பண்றதுக்கும் சத்தம் வர்றதுக்கும் நடுவுல ஒரு நொடி ஓடிடும். அதுக்குள்ள பக் உள்ள போனா கோல் கிடையாது" என்றாள். கோல்கீப்பர் பக்கை மூடிவிட்டதாக ரெஃபரி நினைத்த அந்தக் கணத்திலேயே ஆட்டம் நின்றதாகக் கணக்கு, சத்தம் வந்த கணத்தில் இல்லை. விசிலுக்கு முன்னாலேயே பக் உள்ளே போய்விட்டதே என்று டிவியைப் பார்த்துக் கத்துகிற எத்தனை பேருக்கு இது தெரியும்?

அவள் இன்னொன்றும் சொன்னாள், அரங்கின் மேல் வரிசையில் உட்காராமல் ஒரு பீரியட் முழுக்கக் கண்ணாடி ஓரத்தில் நில்லுங்கள் என்று. நின்றேன். 200 அடி நீளம், 85 அடி அகலம் கொண்ட தளம், மேலிருந்து பார்க்கையில் விரித்துப் போட்ட வரைபடம். கீழே நின்றால் கால்களும் மட்டைகளும் தவிர ஒன்றும் தெரிவதில்லை. பக் எங்கே என்றே பல நேரம் புரியாது. இப்போது என்.ஹெச்.எல். ஆட்டத்தில் ஆரஞ்சுப் பட்டை கட்டிய இரண்டு ரெஃபரி, இரண்டு லைன்ஸ்மேன். இரண்டாவது ரெஃபரி வர ஆரம்பித்ததே 1998-99 சீசனில்தான். 1993-ல் ஃப்ரேசர் ஒற்றை ஆள். ரெஃபரியைத் திட்டும் முன் ஒரு தடவையாவது உங்கள் ஊர் அரங்கில் கண்ணாடி ஓரம் நின்று பாருங்கள். பிள்ளைகள் ஆட்டம் என்றால் பெரும்பாலும் டிக்கெட்கூடக் கேட்க மாட்டார்கள்.

அதற்காக எல்லாவற்றையும் மன்னித்துவிடு என்று நான் சொல்லவில்லை. 2021 மார்ச்சில் நாஷ்வில்-டெட்ராய்ட் ஆட்டத்தில், நாஷ்வில் மேல் சீக்கிரமே ஒரு பெனால்டி கொடுக்க நினைத்ததாக ரெஃபரி டிம் பீல் பேசியது மைக்கில் கேட்டுவிட்டது. லீக் அதோடு அவரை வீட்டுக்கு அனுப்பியது. ஆட்டத்தை ரெஃபரிகள் தங்கள் விருப்பப்படி சமன் செய்கிறார்கள் என்று ரசிகர்கள் வருடக்கணக்காகச் சொன்னதை வெறும் புலம்பல் என்று ஒதுக்க இனி முடியாது. இந்த இடத்தில் கோபப்படுவது சரி. அந்தக் கோபத்தால் பலன் வந்த இடமும் உண்டு. 2019 ஏப்ரலில் வேகாஸ்-சான் ஹோசே ஏழாவது ஆட்டத்தில், வேகாஸின் கோடி ஈக்கினுக்குத் தப்பாக ஐந்து நிமிடத் தண்டனை கொடுக்கப்பட்டது. அந்த ஐந்து நிமிடத்துக்குள் சான் ஹோசே நாலு கோல் போட்டு, ஓவர்டைமில் ஜெயித்தது. லீக் வேகாஸிடம் மன்னிப்புக் கேட்டது. அடுத்த சீசனிலிருந்து இப்படிப்பட்ட பெரிய தண்டனைகளை ரெஃபரி வீடியோவில் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று விதி வந்தது. 'ரெஃபரி திருடன்' என்ற கூச்சலால் இது வரவில்லை. இந்த மாதிரித் தப்பைத் திருத்த வழியே இல்லையே என்று குறிப்பாகச் சொன்னதால் வந்தது.

அதே பிளேஆஃபில் அடுத்த மாதம் செயின்ட் லூயிஸ் புளூஸ் ஓவர்டைமில் தோற்றது, கையால் தட்டிவிட்ட பக்கிலிருந்து வந்த கோலால். நாலு அதிகாரிகளும் கவனிக்கவில்லை, வீடியோ பார்க்கவும் அப்போது விதியில் இடமில்லை. கோச் கிரெய்க் பெருபே அதைப் பிடித்துத் தொங்கவில்லை. அடுத்த மூன்று ஆட்டத்தையும் ஜெயித்தார்கள், கோப்பையையும் வாங்கினார்கள். அந்தப் பெருபேதான் 2024 மே மாதம் லீஃப்ஸுக்குக் கோச்சாக வந்தார். அவர் வந்தபோது நோட்டில் நான் எழுதிய முதல் காரணம் இதுதான்.

விதிப்புத்தகம் என்.ஹெச்.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழுவதும் படிக்கத் தேவையில்லை. 38 கோச் சவால், 56 குறுக்கீடு, 60 உயரமான மட்டை, 69 கோல்கீப்பரை இடைமறித்தல், 83 ஆஃப்சைடு. சண்டைகளில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். 69 மட்டும் ஒரு தரம் படித்தால் விளங்காது. ரெஃபரி முடிவை வீடியோவில் பார்க்கச் சொல்லிக் கோச் விடுகிற சவால் தோற்றால் அந்த அணிக்கே இரண்டு நிமிடத் தண்டனை உண்டு என்பதைத் தெரிந்துகொண்டால், ஏன் இவன் சவால் விடவில்லை என்ற கேள்வி பாதி குறைந்துவிடும்.

இப்போது எங்கள் நோட்டில் திறந்து கிடக்கும் பக்கம் மார்னருடையது. 2025 ஜூன் கடைசியில் ஒப்பந்தத்தோடு வேகாஸுக்குப் போய்விட்டார், எட்டு வருடம், வருடத்துக்கு 1.2 கோடி. பதிலுக்கு வந்தவர் நிக்கோலா ருவா ஒருவர்தான். நான் எழுதியது இது: போனது சரி, விட்ட காலம் தப்பு. 2023 ஜூலை 1 வரைக்கும் அவர் சம்மதம் இல்லாமலே மாற்றியிருக்கலாம். அதற்குப் பிறகு அவரை அசைக்கக் கூடாது என்ற ஷரத்து அமலுக்கு வந்துவிட்டது. அந்த மே மாதம் டூபஸை அனுப்பி, மே 31-ல் பிராட் டிரெலிவிங்கைக் கொண்டுவந்தார்கள். புது ஆளுக்கு ஒரே மாதம். இதற்குப் பொறுப்பு டூபஸோ டிரெலிவிங்கோ இல்லை, அந்த நேரத்தில் ஆள் மாற்றிய அப்போதைய நிர்வாகத் தலைவர் பிரெண்டன் ஷானஹன்.

அண்ணன் எழுதியது இரண்டே வரி. பெனால்டி நேரத்தில் தற்காக்கவும் தெரிந்த, கோலுக்கு வழிபோட்டுக் கொடுக்கவும் தெரிந்த ஒருத்தனை இன்னொரு தரம் எங்கே தேடுவீர்கள் என்று. மூன்று சீசன் கழித்துத் திறப்பதாக நாள் குறித்திருக்கிறோம். பார்க்க வேண்டியதையும் எழுதியாயிற்று: லீஃப்ஸின் பெனால்டி தற்காப்பு, கடைசி ஆட்டங்களில் விழுந்த கோல், வேகாஸில் மார்னரின் பிளேஆஃப்.

"2023 ஜூன்ல வித்திருக்கலாம் எண்டு எழுதியிருக்கிறீர்" என்றார் அண்ணன், என் பக்கத்தைப் படித்துவிட்டு. "ஆருக்கு? எந்த அணி, பதிலுக்கு ஆர்? பேர் சொல்லும் தம்பி."

நான் எழுதிக் கொடுத்த மூன்று பெயரில் இரண்டை அங்கேயே அடித்துவிட்டார். மூன்றாவதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.